பிளஸ் டூ வகுப்பில் அரசியல் விவாதம்: யோசனை சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் எடுக்கிறேன். 17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம் என்று வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு பையன், "எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே சின்னம்தான் சார், இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது.

அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 1965இல் அமெரிக்காவில் ஜென்னிங்ஸ் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளரின் குழுவினர் பள்ளி இறுதியாண்டு மாணவர்களையும் பெற்றோரையும் தனித்தனியே பேட்டி கண்டார்கள். கட்சிப் பற்று வீட்டிலிருந்து நன்றாகவே இறங்கியிருந்தது. மற்ற பல கருத்துகளில் ஒற்றுமை குறைவு. குடிமையியல் பாடத்தின் தாக்கமோ பெரும்பாலான மாணவர்களிடம் சொற்பம்தான். (அதே 1965இல் இங்கே மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். அது எந்தப் பாடத்தில் இருந்ததாம்!)

சரி, கேள்விக்கு வருகிறேன். குடிநீர், குப்பை மாதிரி உள்ளூர்ப் பிரச்சினையை வைத்து வகுப்பில் விவாதம் நடத்த ஆசை. எதிர்த்தரப்புக்காகவும் பேச வைக்க வேண்டும். ஆனால், "பிள்ளைக்குக் கட்சி சொல்லித் தர்றீங்களா?" என்று பெற்றோர் சண்டைக்கு வரக் கூடாது. முன்பே அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுவதா, விவாதத்துக்கே கூப்பிடுவதா? ஆசிரியரின் சொந்தக் கருத்தை மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நடத்திப் பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.