மறுமொழி: [கலைச்சொல்] மூலநிரலிலிருந்து ‘பில்டு’ பண்ணுவது, தமிழில் என்ன?

விரிவுரையாளர், அம்பத்தூர்:
வணக்கம். லேப் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் இயங்குதளத்தில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை மூலநிரலிலிருந்து (சோர்ஸ் கோடு) நிறுவும் பாடம். கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் மூன்றும் கட்டளைகள், அவற்றைத் தொடவில்லை. நடுவில் நடக்கும் வேலைக்கு ஒரு வினைச்சொல் வேண்டும். ‘தொகுத்தல்’ என்று வைத்தேன். மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்குத் ‘தொகுப்பி’, பேக்கேஜுக்குத் ‘தொகுப்பு’ என்று ஏற்கெனவே வைத்திருந்ததால், “தொகுப்பியின் தொகுப்பை நிறுவியபின் தொகுப்பைத் தொகுக்கவும்” என்று வந்து நிற்கிறது. காப்பாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்:
தொகுத்தல் பிழையன்று, போதாது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்காக வகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். மூலநிரல் முதல்நூல், இயங்கும் கோப்பு வழிநூல். இங்கே நடப்பது நான்காவது. ஆகவே ‘யாத்தல்’, கம்பைலர் ‘யாப்பி’. யாத்தல் என்றாலே கட்டுதல்தான். யாடு ஆடாயிற்று, யாறு ஆறாயிற்று. யானை மட்டும் பேச்சில் ஆனையாகியும் எழுத்தில் ஏன் அசையவில்லை என்பது தனியே எழுத வேண்டியது.

சிஸ்டம் அட்மின், வேளச்சேரி:
தனியாகவே எழுதுங்கள் ஐயா. யாத்தல் என்றால் பசங்களுக்கு வெண்பாதான் ஞாபகம் வரும்.

முதலில் கம்பைலும் பில்டும் ஒன்றல்ல. கம்பைல், சி மொழியில் எழுதிய ஒவ்வொரு கோப்பையும் மெஷின் மொழி ஆப்ஜெக்ட் கோப்பாக்குவது. பிறகு லிங்கர் அவற்றை ஒன்றுசேர்த்து பிசிஆர்இ, ஓபன்எஸ்எஸ்எல், இசட்லிப் என்ற ஆயத்த நிரல் நூலகங்களோடு இணைக்கிறது. எதை முதலில், எதைப் பிறகு என்று பார்த்து ஓட்டுவது மேக். இவ்வளவுக்கும் சேர்த்து ‘கட்டுதல்’ போதும்.

சொல்லைவிட முக்கியமானது ஒன்று. நூலகம் இருக்கும், அதற்கான, ‘டெவல்’ என்று பெயர் முடியும் பொதி (பேக்கேஜ்) இருக்காது. அதில் வரும் ஹெடர் கோப்பு (நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்வது) கிடைக்காமல் கான்ஃபிகரிலேயே நின்றுவிடும். புதுசாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், தாம்பரம்:
கட்டுதலுக்கு என் ஓட்டு. கம்பைலருக்குப் பள்ளிப் பாடநூலின் ‘நிரல்பெயர்ப்பி’ இருக்கிறதே. தொகுப்பிக்கும் ஒரு நியாயம் உண்டு: 1952-இல் கிரேஸ் ஹாப்பர் செய்த ஏ-0, நாடாவிலிருந்த துணைநிரல்களைத் திரட்டிச் சேர்த்தது. அதனால் வந்த பெயர்தான் கம்பைலர். இன்றைக்கு அந்த வேலையை லிங்கர் செய்கிறது. பழைய பெயரின் பாரத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

மயிலாப்பூர்:
கட்டுதல் கொத்தனார் சொல். யாத்தல் கசந்தால் ‘சமைத்தல்’ கொள்ளுங்கள். உருவாக்குவது எதுவும் பழந்தமிழில் சமைத்தலே.

வேளச்சேரி:
சென்னையில் நின்றுகொண்டு “சர்வரைச் சமைக்கவும்” என்றால் ஓட்டலுக்குப் போலீஸ் வரும்.

மயிலாப்பூர்:
அதற்குத்தான் சர்வருக்கு ‘வழங்கி’.

தாம்பரம்:
சர்வரைச் ‘சேவையகம்’ என்னும் கோஷ்டி விழித்துக்கொள்வதற்குள் இதை முடித்துவிடுங்கள்.

அம்பத்தூர்:
முடித்தாயிற்று. அச்சுக்குப் போவது: பில்டுக்கு ‘மூலத்திலிருந்து கட்டுதல்’, கம்பைலருக்கு ‘நிரல்பெயர்ப்பி’. இப்படிக் கட்டியது, நிறுவிய பொதிகளைக் கணக்கு வைக்கும் ஆர்பிஎம்மின் கணக்கில் வராது, பொதிகளைப் புதுப்பிக்கும் டிஎன்எஃப் அப்டேட் கட்டளை அதைத் தொடாது, பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மறுபடி நாமேதான் கட்ட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். டெவல் பொதி கொட்டை எழுத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மயிலாப்பூர்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கட்டியதை அவிழ்க்க என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

வேளச்சேரி:
என்ஜின்எக்ஸ் மேக்ஃபைலில் (மேக் படிக்கும் கோப்பு) நிறுவியதை நீக்கும் ‘மேக் அன்இன்ஸ்டால்’ கிடையாது ஐயா.