மறு: போர்விளையாட்டு 'அம்பயர்': நடுவர் போதுமா?

குழுவினருக்கு வணக்கம். போர்விளையாட்டு 'அம்பயருக்கு'த் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதற்கு வந்த கேள்வி இது:

> அம்பயருக்குத்தான் 'நடுவர்' இருக்கிறதே, இதற்கும் ஒரு புதுச்சொல்லா?

கிரிக்கெட்டுக்கு நடுவர் போதும், பட்டிமன்றத்துக்கும் போதும். அங்கே நடுவர் பார்ப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அவுட்டா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பழைய போர்களை வரைபடமும் படைக் கட்டைகளும் வைத்துப் பல மேசை போட்டு ஆடிப் பார்க்கும் போர்விளையாட்டில் வேலையே வேறு. போன மாதம் நாங்கள் ஆடியதைச் சொல்கிறேன், நான்தான் அம்பயர்.

1866 ஜூலை 3, கோனிக்கிரேட்ஸ் போர். ஆஸ்திரியர்களுக்கு எதிரே பிரஷ்யாவின் இரண்டு படைகள். மூன்றாவதான பட்டத்து இளவரசரின் படை மட்டும் தள்ளி நின்றது. தந்தி வேலை செய்யவில்லை. 'புறப்பட்டு வா' என்ற ஆணையை நள்ளிரவில் ஒருவர் குதிரையில் கொண்டுபோய் விடியற்காலை 4 மணி சுமாருக்குச் சேர்த்தார்.

எங்கள் ஆட்டத்தில் கூடத்தில் மூன்று மேசை, இளவரசருக்கு மட்டும் பக்கத்து அறை. சுற்றுக்கு அரைமணி நேரம் என்று கணக்கு. பிரஷ்யப் படைகளுக்கு ஆணையிட்ட மோல்ட்கேயாக ஆடியவர் ஆணையைச் சீட்டில் எழுதி நீட்டினார். அதன் மூலையில் '8' என்று குறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எட்டுச் சுற்று, அதாவது நாலு மணி நேரம், முடியும்வரை கொடுக்கக் கூடாது. அடுத்த அறையில் இளவரசர் மூன்றாவது டீயோடு உட்கார்ந்திருக்கிறார். "சார், ஏதாவது சேதி உண்டா?" என்கிறார். சீட்டு என் நெஞ்சில் குத்துகிறது, "இல்லை" என்கிறேன். அன்று முழுக்க நான் தீர்ப்பு என்று சொன்னது நாலைந்து தடவை இருக்கும். மற்ற நேரமெல்லாம் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு நடமாடியதுதான்.

1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 'கிரீக்ஸ்ஷ்பீல்' (ஜெர்மனில் போர்விளையாட்டு) விதிகளை வெளியிட்டபோது அம்பயருக்கு வைத்த பெயர் 'ஃபெர்ட்ராவ்டர்'. நம்பி ரகசியத்தை ஒப்படைக்கத் தகுந்தவர் என்று பொருள். இரு தரப்பும் அவரிடம் ஆணையை எழுதிக் கொடுக்கும்; எதிரியின் கண்ணுக்குப் படக்கூடிய கட்டைகளை மட்டும் அவர் வரைபடத்தில் வைப்பார். பகடை உருட்டிச் சேதக் கணக்குப் பார்ப்பதும் அவர்தான். ஆனால் பெயர் அந்த வேலையிலிருந்து வரவில்லை, கவனியுங்கள்.

'ஆட்ட நடத்துநர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நடத்துநர் என்றதும் எனக்கு விசிலும் டிக்கெட் பையும்தான் கண்முன் வருகின்றன. 'தீர்ப்பாளர்' கோர்ட்டுக்குப் போய்விடும். என் பரிந்துரை: மந்தணர். அரசு அலுவலகங்களில் 'மந்தணம்' என்று போட்ட கோப்பைப் பார்த்திருப்பீர்கள். ரகசியம் என்று பொருள்படும் அந்த மந்தணம்தான்.

* * *

> என் பரிந்துரை: மந்தணர்.

கருத்து சரி, சொல் இடிக்கிறது. காதில் 'மந்தமானவர்' என்று விழுகிறது. இலங்கையில் நாங்கள் கால்பந்துக்கே மத்தியஸ்தர் என்போம். அதை இங்கே கொண்டுவரலாம் என்று முதலில் நினைத்தேன். 'போர் மத்தியஸ்தர்' என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு உள்நாட்டுப் போரில் சமரசம் பேச வந்த நோர்வேக்காரர் ஞாபகம்தான் வரும். வேண்டாம்.

ஆனால் தீர்ப்பு வேலையை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட்டீர்களே. 1942 மே மாதம், பசிபிக்கில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை ஜப்பானியர் யமாட்டோ கப்பலில் ஆடிப் பார்த்தார்கள். நடுவர் பகடை போட்டு, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள்மேல் 9 குண்டு விழுந்தது, அவற்றில் அககியும் ககாவும் மூழ்கின என்றார். தளபதி உகாகி குறுக்கிட்டு 9ஐ 3 ஆக்கினார், அககி பிழைத்தது. அடுத்த மாதம் மிட்வேயில் இரண்டுமே போயின. இப்படி ஒரு தளபதி வந்து பேசினாலும் அசையாத சொல் வேண்டும். 'நடு' என்பதில் அந்த உறுதியும் உண்டு, இருவருக்கும் இடையில் நிற்பதும் உண்டு. 'மந்தண நடுவர்' என்று சேர்த்துவிட்டால் என்ன?

* * *

> 'மந்தண நடுவர்' என்று சேர்த்துவிட்டால் என்ன?

உகாகியை மறந்துதான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். சேர்த்துவிடலாம். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பெரிய ஆட்டத்துக்கு ஒரு நடுவர் போதாது. 1940இல் ஜெர்மன்காரர்கள் இங்கிலாந்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 1974இல் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் ஆடினார்களே, அதற்கு நடுவர்கள் ஒரு குழுவாகவே இருந்தார்கள். ஜெர்மன் தரப்பிலிருந்து முன்னாள் விமானப்படைத் தளபதி அடால்ஃப் கலாண்டும் கடற்படைத் தளபதி ரூகேயும் அந்தக் குழுவில் வந்திருந்தார்கள். நம் அளவுக்கு, அந்தந்த மேசையில் பகடையோடு நிற்பவர் 'மேசை நடுவர்'. எல்லா மேசையும் தெரிந்து, சீட்டைப் பிடித்துவைப்பவர் 'மந்தண நடுவர்'. மேசை நடுவருக்குப் பக்கத்து மேசை தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவார். 'மந்தணரை' விட்டுவிடுகிறேன், கொஞ்சம் மனசில்லாமல்தான்.

அப்புறம் ஒன்று. சீட்டை இத்தனை சுற்று என்று நிறுத்திவைப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ஆட்டத்தின்போது வாயில் வந்தபடி 'கிடப்பு' என்று சொல்லிக்கொண்டோம்: "இது எட்டுச் சுற்றுக் கிடப்பு." மந்தணம், கிடப்பு என்று எல்லாம் தாலுகா ஆபீஸ் வாடை அடிக்கிறது, தெரிகிறது. இதைவிட நல்லதாக யாரிடமாவது இருக்கிறதா?