பாக்கு மட்டைத் தட்டு தயாரிப்பவர்கள் ஒன்றுசேர்ந்தால் உண்மையிலேயே பயன் உண்டா?

கேள்வி: வாழப்பாடித் தோப்பு

வணக்கம். சேலம் மாவட்டம் வாழப்பாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பாக்கு மட்டைத் தட்டு தயாரிக்கிறேன். நான்கு இயந்திரங்கள், ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். 12 அங்குலத் தட்டும் 10 அங்குலத் தட்டும்தான் அதிகம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது இந்தத் தொழிலுக்குள் வந்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்படி வந்தவர்கள் இப்போது எங்கள் பக்கம் தோப்புக்குத் தோப்பு இருக்கிறார்கள். அதே மட்டையை வாங்குவதற்கு ஒருவருக்கு மேல் ஒருவர் விலையை ஏற்றுகிறோம். அதே வியாபாரியிடம் விற்பதற்கு ஒருவருக்குக் கீழ் ஒருவர் விலையை இறக்குகிறோம். எனக்குப் பெங்களூருவில் ஒரு வியாபாரி. சரக்கு போய் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வரும், அதிலும் பிடித்தம் இருக்கும். சென்ற ஐப்பசியில் போன லோடில் பூஞ்சை இருக்கிறது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார். பூஞ்சை பிடித்தது என் கொட்டகையிலா, அவருடைய கிடங்கிலா என்று யார் சொல்வது?

இதற்கு மேல் அமெரிக்கச் செய்தி வேறு. பாக்கு மட்டைத் தட்டிலிருந்து நச்சுப் பொருள்கள் உணவில் இறங்கக்கூடும், எனவே இது உணவுக்குப் பாதுகாப்பானது என்று கருத முடியாது என அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அறிவித்தது. நான் நேரடியாக ஏற்றுமதி செய்வதில்லை. ஆனாலும் ஏற்றுமதிக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கெல்லாம் உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பியதில் என் விலையும் விழுந்தது.

சுற்றுவட்டாரத்தில் இருபது பேர்வரை சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. மாவட்டத்துச் சிறுதொழில் சங்கத்தில் உறுப்பினரானால் போதும் என்கிறார் ஒருவர். எது நடக்கும், எது வெறும் பேச்சு என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கரூர் நெசவு

சங்கம் வைத்தால் முதல் ஆண்டில் தலைவர் யார் என்ற சண்டை, இரண்டாம் ஆண்டில் சந்தா தராதவர் பட்டியல், மூன்றாம் ஆண்டில் பெயர்ப்பலகை மட்டும். சந்தாவாகக் கொடுக்கும் பணத்துக்குக் கூடுதலாக ஒரு டை (தட்டை அழுத்தும் அச்சு) வாங்கிப் போடுங்கள்.

பதில் 2: ஆத்தூர் கிழங்கு

கரூர்க்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் முழுக் கதையும் அதுவல்ல.

அம்மா, நான் ஆத்தூரில் சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை நடத்துகிறேன், என் அப்பா காலத்து ஆலை. உங்களிடமிருந்து அதிகத் தூரமில்லை. வாழப்பாடி வழியாகப் போகும் கிழங்கு லாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் கேட்டதை எங்கள் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து பார்த்திருக்கிறார்கள், அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

ஜவ்வரிசி செய்யும் குச்சிக் கிழங்கை (மரவள்ளி) வெட்டிய பிறகு வைத்திருக்க முடியாது, நாள் ஆக ஆக மாவுச்சத்து இறங்கும். அந்த அளவைத்தான் பாயிண்ட் என்போம், அது குறைந்தால் விவசாயிக்கும் நட்டம், எனக்கும் நட்டம். ஆகவே பருவத்தில் எல்லா ஆலையும் ஒன்றாக ஓடும். எல்லா ஜவ்வரிசியும் ஒரே நேரத்தில் மூட்டையாகும். கிழங்குக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும், மூட்டையை அடுக்க இடமில்லை. இந்த நெருக்கடி வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். அவர் சொன்னதே விலை என்றுதான் அப்பா காலத்தில் இருந்தது.

1981இல் சேலத்தில் சேகோசர்வ் பதிவானது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் தயாரிப்பவர்களே உறுப்பினராக இருக்கும் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அது. நடைமுறை எளிமையானது. ஆலைக்காரர் 90 கிலோ மூட்டைகளைச் சங்கத்தின் கிடங்கில் கொண்டுவந்து இறக்குவார். மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து, மற்றவர் போட்ட விலை தெரியாமல் டெண்டர் போடுவார்கள். பணம் சங்கத்தின் வழியாக ஆலைக்கு வரும். உடனே விற்க மனமில்லாவிட்டால் மூட்டை கிடங்கிலேயே இருக்கலாம், அதன்மேல் முன்பணம் வாங்கிக்கொள்ளலாம்.

இதில் எல்லோரும் டெண்டரைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். என் கணக்கில் அந்த முன்பணம்தான் பெரிது. இன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் போன அன்றுதான் எங்களுக்கு விலை பேச வாய் வந்தது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசி கேட்பார்கள். அதுவரை சரக்கை வைத்திருக்க முடிந்தவனுக்கே அந்த விலை.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரமாகிவிடும். எங்களைப் போன்ற ஆலைக்காரர்கள் எப்போதும் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. வெளியில் பத்து ரூபாய் கூடக் கிடைத்தால் நல்ல சரக்கு அங்கே போகும், தேங்கியது சங்கத்துக்கு வரும். விலை விழுந்ததும் எல்லோரும் சங்கத்துக்கு ஓடிவருவார்கள். மக்காச்சோள மாவைக் கலந்தவர்களும் உண்டு, வெள்ளையாகத் தெரிய ரசாயனம் போட்டவர்களும் உண்டு. ஓர் ஆலை செய்தாலும் 'சேலம் சரக்கே இப்படித்தான்' என்று எல்லோருக்கும் விலை குறையும். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெயரை நிற்க வைப்பது சோதனைக்கூடத்துச் சீட்டுதான்.

உங்கள் தொழிலுக்கு வருகிறேன். மட்டை அதிகமாக விழுவது கோடையில், தட்டுக்குக் கேட்பு ஆண்டு முழுவதும். மழைக்கு முன்னால் காய்ந்த மட்டையை வாங்கி, நனையாமல் அடுக்கி வைக்கும் இடம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஐப்பசி, கார்த்திகையில் விலை சொல்வார். இருபது பேரும் தனித்தனியாகக் கொட்டகை கட்ட முடியாது. அதனால் முதல் வேலை, பொதுவில் மட்டைக் கொள்முதலும் ஒரு கிடங்கும். அதிலேயே ஒருவருக்கு மேல் ஒருவர் விலை ஏற்றும் கூத்தும் நின்றுவிடும்.

இரண்டாவது, லாரியில் ஏற்றுவதற்கு முன் தரம் பிரித்தல். ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் உறவில்லாத ஒருவர் பார்த்து, தேதி போட்டுச் சீட்டு எழுதட்டும். பெங்களூரு வியாபாரி அந்தச் சீட்டை ஒப்புக்கொண்டு முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஆளாகக் கேட்டால் 'வேறு ஆளைப் பார்க்கிறேன்' என்பார். இருபது பேரின் சரக்கும் ஒரே இடத்தில் இருந்தால் அவர் பார்க்க வேறு ஆள் எங்கே?

லெட்டர்பேடு, தலைவர், ஆண்டு விழா எல்லாம் பிறகு. மாவட்டச் சங்கத்தில் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மின்கட்டணம், உரிமம் போன்றவற்றில் அவர்கள் குரல் கொடுப்பார்கள். உங்கள் மட்டையை அவர்கள் அடுக்கித் தர மாட்டார்கள்.

பதில் 3: பேரேடு

சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். பணம் தாமதமாவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

சகோதரி, உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் இன்றே இணையத்தில் செய்யுங்கள். கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் அது இடைத்தரகர் கூலி. அடுத்த லோடு போவதற்கு முன் பதிவு கையில் இருக்க வேண்டும். பழைய பில்லுக்காகப் பின்னால் பதிவு செய்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். பில்லில் பதிவு எண்ணை அச்சிடுங்கள்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு இந்தக் கெடுவுக்குள் தராத பணத்தை, வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. தரும் ஆண்டில்தான் காட்டலாம். மார்ச் மாதம் நெருங்கும்போது இதை நினைவூட்டி ஒரு கடிதம் போடுங்கள், பல இடங்களில் அதுவே போதும்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் புகார் தருவதில்லை? ஒரே வியாபாரியை நம்பி இருப்பவர் அவர்மேல் எப்படி வழக்குப் போடுவார்? இங்கேதான் உங்கள் அமைப்புக்கு வேலை இருக்கிறது. அந்தச் சட்டத்தில் சரக்கு தருபவர் என்பதற்கான விளக்கத்திலேயே, குறு, சிறு தொழில்களின் சரக்கை விற்றுத்தரும் கூட்டுறவுச் சங்கமும் கம்பெனியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பொது அமைப்பின் பெயரில் பில் போனால், பணம் தாமதமான புகாரை விசாரிக்கும் வசூல் மன்றத்துக்குப் போவதும் அந்த அமைப்பாகவே இருக்கலாம். உங்கள் பெயர் முன்னால் நிற்காது.

அதற்கு ஏற்றபடி பதிவு செய்யுங்கள். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்தால் கூட்டம் போடலாம், மனுக் கொடுக்கலாம். வாங்கி விற்று லாபத்தைப் பிரிக்க அது சரிப்படாது. தொழிற்கூட்டுறவா, கம்பெனியா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பதில் 4: பொள்ளாச்சி நார்

ஒரே ஒரு எச்சரிக்கை. 'குழுமத் திட்டம், பொது வசதி மையம், பெரும்பகுதி அரசு மானியம்' என்று யாராவது திட்ட அறிக்கையோடு வருவார். திட்டங்கள் உண்மைதான். பாரம்பரியத் தொழில்களுக்கான ஸ்பூர்த்தி திட்டம் 2005 முதல் இருக்கிறது, எங்கள் பக்கம் கயிறு வாரியத்தின் வழியாக அதில் வேலை நடந்திருக்கிறது. ஆனால் மானியம் இயந்திரத்தை வாங்கித் தரும், ஓட்டித் தராது. மின்கட்டணம் யார் பெயரில், பழுதானால் யார் செலவு, யாருக்கு எந்த நாள் முறை என்பதை எழுதாமல் தொடங்கிய மையத்தில் இயந்திரம் தார்ப்பாய்க்குள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டாவது வாடகைக் கிடங்கில் சேர்ந்து வேலை செய்து பார்த்த பிறகு மானியத்துக்கு மனுப் போடுங்கள்.

வாழப்பாடித் தோப்பு

எல்லோருக்கும் நன்றி. உத்யம் பதிவு இருக்கிறது, பில்லில்தான் போட்டதில்லை. ஆத்தூர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். இருபது பேரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள் போலிருக்கிறது, இப்போதைக்கு ஏழு பேர்தான் உறுதி. ஏழு பேரை வைத்துத் தொடங்கலாமா? அமெரிக்க விஷயத்தை இப்படிப்பட்ட சின்ன அமைப்பு என்ன செய்யும்?

ஆத்தூர் கிழங்கு

ஏழு பேர் போதும், அம்மா. ஒழுங்காக வரும் ஏழு பேர், வராத இருபது பேரைவிட மேல். மற்றவர்கள் பிறகு வந்தால் நுழைவுத் தொகையைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மட்டைக் கணக்கும் பணக் கணக்கும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம்.

அமெரிக்க விஷயம் ஏழு பேராலும் ஆகாது, எழுபது பேராலும் ஆகாது. எந்தப் பொருள் எவ்வளவு, எந்தச் சூட்டில், எந்த உணவில் இறங்குகிறது என்று முறையாக ஆராய்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் கர்நாடகத்தில் இங்கே இருப்பதைவிடப் பெரிது, அவர்களோடு சேர வேண்டும். காசர்கோட்டில் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பாக்கு அவர்களுடைய பயிர். ஆய்வு முடிவு நமக்குச் சாதகமாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அதுவரை தட்டின்மேல் 'நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று அச்சிட்ட உறை போடாமல் இருப்பது நல்லது, யார் கேட்டாலும்.

மாசி பிறப்பதற்குள் கிடங்கு பார்த்துவிடுங்கள். நெல் ஆலை மூடிக் கிடந்தால் அதைக் கேளுங்கள், தளம் ஈரம் ஏறாது. வாடகை பேசும்போது ஏழு பேரும் போக வேண்டாம், இரண்டு பேர் போங்கள்.