நீர்வடிப்பகுதி எல்லை கிழக்குப் பக்கம் மட்டும் நேர்கோடாக வெட்டுப்படுகிறது (அவசரம்)

ஓடைக்கரை | செவ்வாய், மாலை 6.12
வணக்கம். ஓர் ஓடைக்கு நீர்வடிப்பகுதி எல்லை (எங்கே பெய்யும் மழை அந்த ஓடைக்கு வடிந்து வரும் என்ற எல்லை) எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பக்கமும் மேடு பள்ளத்தை ஒட்டி வளைந்து வளைந்து சரியாக வருகிறது. கிழக்கே மட்டும் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராக வெட்டிவிடுகிறது. நான்கு முறை செய்துவிட்டேன், அதே கோடு. இந்த எல்லைக்குள் எந்தப் பாறை எத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டு வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். கிராமத்தில் தடுப்பணை எங்கே கட்டுவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

செயற்கைக்கோள்_சேது | 6.30
எந்த ஊர்? எந்த டெம் (நில உயரத் தரவு)? எந்த மென்பொருள்? இவை தெரியாமல் என்ன சொல்வது?

அட்சரேகை | 6.41
நான் இங்கே பார்த்த பத்துக் கேள்விகளில் ஒன்பதுக்கு ஒரே பதில்தான்: ஆயமுறை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறை. டெம் இறக்கியபோது பாகையில் (டிகிரியில்) இருந்திருக்கும். மீட்டருக்கு மாற்றினீர்களா? மாற்றும்போது எந்த மண்டலம் (மீட்டர் கணக்குக்காக உலகைத் தீர்க்கரேகை வாரியாகப் பிரித்த பட்டை) கொடுத்தீர்கள்? மாற்றும் முறையில் ‘அருகிலுள்ள பிக்சல்’ என்பதை விட்டுவிட்டு ‘பைலீனியர்’ (சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரி) கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் வரிவரியாகக் கோடுகள் விழும்.

ஓடைக்கரை | 7.20
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். திண்டுக்கல் பக்கம். எஸ்ஆர்டிஎம் 30 மீட்டர். கியூஜிஐஎஸ். மண்டலம் 43க்கு மாற்றிவிட்டேன், பைலீனியர்தான். வரிவரியாக எதுவும் விழவில்லை. ஒரே ஒரு கோடுதான், கிழக்கே.

செயற்கைக்கோள்_சேது | 7.34
எஸ்ஆர்டிஎம் என்றால் கோளாறு அங்கேதான். அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாளில் எடுத்த தரவு. அதற்குப்பின் எத்தனை குவாரி, எத்தனை நான்குவழிச் சாலை வந்துவிட்டன! உயரமும் முழு மீட்டரில்தான் இருக்கும், சமவெளியில் தடுமாறும். கோப்பர்நிக்கஸ் 30 இறக்குங்கள். 2011க்கும் 2015க்கும் இடையே எடுத்த ரேடார் தரவு அது. கோடு போய்விடும்.

நிலப்படம்58 | 8.05
தம்பி, கணினி கொடுத்த எல்லையை அப்படியே ஒப்படைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நாங்கள் டோப்போ ஷீட்டில் (நில அளவைத் துறையின் வரைபடத் தாளில்) சமோச்சக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தைக் காட்டும் கோடுகளை, பென்சிலால் பின்தொடர்ந்து எல்லை வரைந்தோம். திண்டுக்கல் என்றால் 58 எஃப் வரிசைத் தாள்கள், கிழக்கே 58 ஜே வரிசைத் தாள்கள், இரண்டையும் ஓரம் வெட்டி ஒட்டினால்தான் சிறுமலை முழுதாகக் கிடைக்கும். 20 மீட்டர் இடைவெளியில் கோடு கோடாக எண்ணி முகட்டைக் கண்டுபிடிப்போம். அதன்பின் மறுநாள் காலையில் நடந்துபோய்ப் பார்ப்போம். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள், தவறு வந்தால் இங்கே வந்து அவசரம் என்கிறீர்கள். முதலில் டெம்மில் உள்ள பள்ளங்களைக் கணினியில் நிரப்பினீர்களா? அடிப்படையே அதுதான்.

மலர்_நீரியல் | 8.22
ஐயா, கிராஸ் என்ற மென்பொருளின் கருவியில் செய்தால் பள்ளம் நிரப்பத் தேவையில்லை. அது பள்ளத்தைத் தாண்டிப் போகும் வழியைத் தானே தேடிக்கொள்ளும். நிரப்பினால்தான் நம் ஊர்களில் கெடுதல். குளம் முழுவதும் ஒரே மட்டமாகி, ஓடைகள் அதன்மேல் சீப்புப் பல்போல் இணைகோடுகளாக ஓடும்.

ஓடைக்கரை, எந்தக் கருவி என்று சொல்லவில்லையே? நீர் எல்லையை விட்டு வெளியேறும் புள்ளியை எங்கே வைத்தீர்கள்?

ஓடைக்கரை | 9.48
கிராஸ்தான், கியூஜிஐஎஸ் வழியாக. வெளியேறும் புள்ளி ஓடை குடகனாற்றில் சேரும் இடம். முதல் முறை புள்ளி ஓடையை விட்டுச் சற்று விலகி நின்றதால் நான்கு பிக்சல் மட்டுமே எல்லையாக வந்தது, பிறகு நகர்த்திச் சரிசெய்தேன். கோப்பர்நிக்கஸும் இறக்கிப் பார்த்துவிட்டேன். அதே கோடு, அதே இடம்.

தம்பி இல்லை ஐயா, தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாறைநேசன் | 10.15
அப்படியானால் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வெவ்வேறு விண்வெளித் தரவுகள் ஒரே இடத்தில் ஒரே கோட்டைக் காட்டுகின்றன என்றால் அது தரையில் இருக்கிறது! லீனியமென்ட் அது, பூமிக்குள் ஓடும் பிளவு. திண்டுக்கல் மாவட்டம் சாதாரண நிலமில்லை. ஒட்டன்சத்திரத்தில் அனார்தோசைட் இருக்கிறது, சிறுமலை முழுவதும் சார்னோக்கைட், கீழே சமவெளியில் ஹார்ன்பிளெண்ட்-பயோடைட் நைஸ். இத்தனை பழைய பாறைகள் சந்திக்கும் இடத்தில் வடக்கு-தெற்காக நேரான பிளவு இருப்பதில் வியப்பில்லை. தங்கை, அந்தக் கோட்டின்மேல் ஆழ்துளைக் கிணறு போட்டால் நல்ல நீர் கிடைக்கும் என்று கூடத் தோன்றுகிறது. அட்டவணையில் குறிப்பிடுங்கள்.

அட்சரேகை | 10.31
திண்டுக்கல் நகரமே 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டித்தான் இருக்கிறது. மண்டலம் 43 அங்கே முடிகிறது, 44 தொடங்குகிறது. அதனால்தான் வெட்டுகிறது. நான் முதலிலேயே சொன்னேன்.

மலர்_நீரியல் | 10.50
மண்டல எல்லை எதையும் வெட்டாது. 43இலேயே வைத்துக்கொண்டு கிழக்கே சிறிது தூரம் போனாலும் அந்த அட்சத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் பிழை வரும். ஆனால் நீங்கள் சொன்ன 78 பாகை என்பதைப் பிடித்துக்கொள்வோம்.

ஓடைக்கரை, இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, கர்சரை அந்த நேர்கோட்டின்மேல் வைத்துத் தீர்க்கரேகை எவ்வளவு என்று படித்துச் சொல்லுங்கள். இரண்டு, டெம் கோப்பின் பெயரை அப்படியே எழுதுங்கள். ஹில்ஷேட் (மேடு பள்ளத்தை நிழலிட்டுக் காட்டும் படம்) போட்டுப் பார்த்தீர்களா? பாறைநேசன் சொல்லும் பிளவாக இருந்தால் கோட்டின் இருபுறமும் நிலம் தெரியவேண்டும், நடுவில் நேரான பள்ளத்தாக்கோ சரிவோ இருக்கவேண்டும்.

பாறைநேசன் | 11.04
எல்லாப் பிளவும் மேலே தெரியாது அம்மா. சிதைந்த பாறை 20 மீட்டர் மூடிக்கொண்டிருந்தால் மேலே வயலாகத்தான் இருக்கும். மேற்பரப்பு எல்லையை வைத்து நிலத்தடி நீரைத் திட்டமிடுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து. மழைநீர் முகட்டில் பிரியலாம், பிளவுக்குள் இறங்கிய நீருக்கு முகடு தெரியாது. இன்று ஆயிரம் அடிக்குத் துளை போடுகிறார்கள். அந்த நீர் எந்த ஓடையின் நீர் என்று யாரால் சொல்ல முடியும்?

நிலப்படம்58 | புதன், காலை 6.40
இதை மறுக்காமல் விட முடியாது. கடினப்பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் பெரும்பாலும் இருப்பது மேலேயுள்ள சிதைந்த பாறையில். அதன் நீர்மட்டம் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே போகும். மேட்டில் பெய்தது பள்ளத்துக் கிணற்றுக்கு வரும். அதனால்தான் 1997ஆம் ஆண்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு கடினப்பாறை மாநிலங்களில் நீர்வடிப்பகுதியையே அலகாக எடுக்கச் சொன்னது. 20 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள மலைப்பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கவும் சொன்னது. திண்டுக்கல் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் உப்பானபோது அந்த உப்பு எந்தத் திசையில் போனது? நிலச்சரிவின் திசையில்தான். நூறு அடிக் கிணற்றை விட்டுவிட்டு ஆயிரம் அடித் துளையைப் பற்றிப் பேசினால் எப்படி?

பாறைநேசன் | 7.15
ஐயா, அந்த நூறு அடிக் கிணறுகள் எத்தனை இன்று ஈரமாக இருக்கின்றன? விவசாயி உயிர்வாழ்வது ஆயிரம் அடியில்தான். தமிழ்நாட்டில் மதிப்பீடே பல ஆண்டுகள் பிர்க்கா வாரியாகத்தான் நடந்தது. நீர்வடிப்பகுதி சிறந்த அலகு என்றால் இங்கே ஏன் அதைப் பின்பற்றவில்லை?

நிலப்படம்58 | 7.32
பிர்க்கா என்பது வருவாய்த் துறையின் எல்லை. அதற்குள் ஒரு பாதி காவிரிக்கும் மறுபாதி வைகைக்கும் வடியலாம். சிறுமலையின் வடக்கே பெய்த மழை குடகனாறு, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தெற்கே பெய்தது சாத்தையாறு வழியாக வைகைப் பக்கம் போகிறது. ஒரே மலை, இரண்டு பெரும் ஆறுகள். இதைப் பிர்க்கா வரைபடம் காட்டுமா? நிர்வாக வசதியையும் நிலத்தின் இயல்பையும் குழப்பாதீர்கள்.

ஆத்தூர்_பாசனம் | 8.10
பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எங்கள் பக்கத்தில் இரண்டும் உதவாது. நான் விவசாயி. காமராஜர் அணைக்குக் கீழே நரசிங்கபுரம் ராஜவாய்க்கால் பிரிகிறது. அந்தத் தண்ணீர் எங்களுக்கு, கீழே ஆற்றோரம் இருப்பவர்களுக்கு எவ்வளவு என்று இரு தரப்பிலும் எத்தனை போராட்டம் நடந்துவிட்டது. வாய்க்கால் மனிதன் வெட்டியது, அது மேட்டை ஒட்டிச் சுற்றிப்போகும். உங்கள் கணினி அதை ஆற்றோடு சேர்த்துவிடும். ஒரு குளம் நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த குளத்துக்குப் போகும், அந்தக் கலிங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வானத்திலிருந்து தெரியுமா?

மலர்_நீரியல் | 8.35
தெரியாது. 30 மீட்டர் பிக்சலில் சில அடி அகலமுள்ள கலிங்கு கரையோடு கரையாகிவிடும். தண்ணீர் கரையின் தாழ்ந்த பிக்சல் எதுவோ அங்கே வழிவதாகக் கருவி எடுத்துக்கொள்ளும், அது ஊருக்குள்ளாகவும் இருக்கலாம். கலிங்கையும் மறுகால் ஓடையையும் நேரில் பார்த்துக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் வழியே டெம்மின் உயரத்தைச் சில மீட்டர் குறைத்துவிட்டுப் பிறகு கணக்கிட வேண்டும். ராஜவாய்க்காலைத் தனி அடுக்காகவே வைக்க வேண்டும், நீர்வடிப்பகுதிக்குள் சேர்க்கக் கூடாது. இந்த விஷயத்தில் நிலப்படம்58 ஐயா சொன்னபடி நடந்துபோய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செயற்கைக்கோள்_சேது | 9.02
கேட்டவர் எங்கே? கார்ட்டோசாட் டெம்மும் இருக்கிறது, நம் நாட்டுத் தரவு, அதையும் முயலலாம்.

ஓடைக்கரை | 12.55
காலையில் களத்தில் இருந்தேன், இணைப்பு இல்லை. கர்சர் வைத்துப் பார்த்தேன்: 78.000. மேலிருந்து கீழ்வரை அதே எண். எஸ்ஆர்டிஎம் கோப்பின் பெயர் என்10இ077. கோப்பர்நிக்கஸும் அதே என்10, இ077தான். ஹில்ஷேட்டில் கோட்டுக்குக் கிழக்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

இன்னொன்று, முக்கியமா என்று தெரியவில்லை. முதல் முறை கணக்கிட்டபோது சில ஓடைகளில் சேரும் நீரின் அளவு கழித்தல் எண்ணாக வந்தது. பிழை என்று நினைத்து, எல்லாவற்றையும் நேர் எண்ணாகக் கொடுக்கும் பெட்டியில் டிக் செய்துவிட்டேன்.

மலர்_நீரியல் | 1.10
மிக முக்கியம்! அந்தக் கழித்தல் எண்தான் உங்களுக்கு வந்த எச்சரிக்கை. ‘இந்த ஓடைக்குத் தரவின் எல்லைக்கு வெளியிலிருந்தும் நீர் வரக்கூடும், என் கணக்கு குறைவாக இருக்கலாம்’ என்று கிராஸ் அப்படித்தான் சொல்லும். நீங்கள் டிக் செய்ததும் எச்சரிக்கை மறைந்துவிட்டது.

கோப்பின் பெயரில் உள்ள எண் அதன் தென்மேற்கு மூலை. என்10இ077 என்றால் 77 பாகையிலிருந்து 78 வரை மட்டும். கோப்பர்நிக்கஸும் இங்கே அதே ஒரு பாகைத் துண்டுகளாகத்தான் வருகிறது. அதனால் டெம்மை மாற்றியும் கோடு மாறவில்லை. உங்கள் ஓடையின் தலைப்பகுதி 78க்குக் கிழக்கே இருக்கிறது, அந்த நிலம் உங்கள் கணினியில் இல்லவே இல்லை.

என்10இ078ஐ இறக்குங்கள். பாகையில் இருக்கும்போதே இரண்டையும் மெர்ஜ் செய்யுங்கள் (ஒன்றாக இணையுங்கள்), பிறகு மண்டலம் 43க்கு மாற்றுங்கள். உங்கள் பகுதியைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தாராளமாக விட்டு வெட்டுங்கள். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். உங்கள் ஓடையில் கழித்தல் எண் வராமல் இருந்தால் எல்லை முழுமையானது.

பாறை அட்டவணையையும் முழுதாக மறுபடி போடுங்கள். விடுபட்டது சிறுமலைப் பக்கம், அதாவது சார்னோக்கைட். பழைய அட்டவணையில் நைஸ் பங்கு கூடுதலாகத் தெரிந்திருக்கும். 1997 குழுவின் கணக்குப்படி களிமண் குறைந்த சிதைந்த நைஸில் மழையில் ஏறக்குறைய 11 சதவீதம் இறங்கும், சார்னோக்கைட் வகையில் 5 சதவீதம்தான். மலையை விட்டுவிட்டால் மேலிருந்து ஓடிவரும் வெள்ளம் குறைவாகவும் ஊறும் நீரின் பங்கு அதிகமாகவும் தெரியும். தடுப்பணையின் அளவே தவறிவிடும்.

58 எஃப், 58 ஜே இரண்டையும் ஒட்ட வேண்டும் என்று ஐயா நேற்றே சொல்லிவிட்டார். நாம் யாரும் கவனிக்கவில்லை.

நிலப்படம்58 | 1.40
சொன்னேன். தாள் ஒட்டாமல் மலை கிடைக்காது என்று சொன்னேன். தங்கை, ஒப்படைப்பதற்கு முன் மலையடிவாரம்வரை ஒருமுறை போய்வாருங்கள். பழைய டோப்போ ஷீட்டின்மேல் வைத்து ஒப்பிடுவதாக இருந்தால் அது எவரெஸ்ட் கோளவுருவில் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கில்) இருக்கும், மாற்றாமல் வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

பாறைநேசன் | 2.05
கோடு விஷயத்தில் நான் தவறு. ஆனால் ஆழ்துளை நீர் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. ஐயா வேறு இழை தொடங்கினால் பேசத் தயார்.

அட்சரேகை | 2.11
78 பாகை என்று முதலில் சொன்னது நான்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஓடைக்கரை | வியாழன், இரவு 11.26
மெர்ஜ் செய்தேன். கோடு இல்லை, எல்லை சிறுமலை முகட்டில் போய் நிற்கிறது. கழித்தல் எண்ணும் இல்லை. பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. அட்டவணையை மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஆத்தூர்_பாசனம் | வெள்ளி, காலை 6.02
மகிழ்ச்சி அம்மா. அந்த வரைபடத்தில் எங்கள் பக்கக் குளங்களும் இருந்தால், கலிங்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்வீர்களா? சரியான இடம் எது என்று நான் சொல்கிறேன்.

மலர்_நீரியல் | திங்கள், காலை 10.17
ஓடைக்கரை இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஐயா, குளத்தின் பெயர்களை எழுதுங்கள், நான் போட்டுப் பார்க்கிறேன்.