ஆர்சிஸ்லாக்கிலிருந்து ஸ்லாக் சேனலுக்குப் பிழைப் பதிவுகளை அனுப்பினால் உள்ளூர்ப் பதிவும் பின்தங்குகிறது

கேள்வி

வணக்கம். உபுண்டு இயங்கும் ஒரு சர்வரில், பிழை நிலையிலும் அதைவிடக் கடுமையான நிலைகளிலும் எழும் பதிவுகளை மட்டும் எங்கள் குழு உரையாடும் ஸ்லாக் செயலியின் சேனலுக்கு அனுப்ப முயல்கிறேன். உள்வரும் வெப்ஹுக் (வெளியிலிருந்து சேனலுக்குச் செய்தி அனுப்ப ஸ்லாக் தரும் இணைய முகவரி) ஒன்றை உருவாக்கி, ஒரு ஷெல் ஸ்கிரிப்டை, சர்வரின் பதிவுகளைக் கையாளும் நிரலான ஆர்சிஸ்லாக்கின் ஓஎம்ப்ராக் தொகுதியுடன் (பதிவுகளை வெளி நிரலுக்குத் தருவது) இணைத்திருக்கிறேன். அந்த ஸ்கிரிப்ட் வரிவரியாகப் படித்து, வரிக்கு ஒருமுறை, இணையவழி தரவை அனுப்பும் கர்ல் கட்டளையை இயக்குகிறது. டெர்மினலில் நானே இயக்கினால் செய்தி உடனே சேர்கிறது. ஆர்சிஸ்லாக் வழியாக அனுப்பும்போது சிறிது நேரம் ஒழுங்காக வந்து, பிறகு சில செய்திகள் காணாமல் போகின்றன. அதைவிடக் கவலை தருவது, சர்வரிலேயே எழுதப்படும் சிஸ்லாக் கோப்பும் பல நிமிடங்கள் பின்தங்கிவிடுவதுதான். ஸ்லாக்குக்குப் போகும் வழி அடைபட்டால் கோப்பில் எழுதுவது ஏன் நிற்க வேண்டும்?

மறுமொழி 1

நீங்கள் சொல்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். கோப்பு பின்தங்குவதற்கான காரணத்தை முதலில் பார்ப்போம். ஆர்சிஸ்லாக்கில் ஒரு செயலுக்கென்று தனி வரிசை (செய்திகள் காத்திருக்கும் இடம்) அமைக்காவிட்டால், அது முதன்மை வரிசையிலிருந்து நேரடியாக இயங்கும். ஓஎம்ப்ராக் உங்கள் ஸ்கிரிப்டுக்குச் செய்தியை ஒரு குழாய் (பைப்) வழியாகத் தருகிறது. லினக்ஸில் அக்குழாயின் இயல்பான கொள்ளளவு 64 கிலோபைட். ஸ்கிரிப்ட் கர்லுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் குழாய் நிரம்பிவிட்டால், ஆர்சிஸ்லாக்கால் அதில் மேலும் எழுத முடியாது. அந்த வரிசையில் பின்னால் நிற்கும் கோப்புப் பதிவும் சேர்ந்தே நின்றுவிடும். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்ததற்கும் குழாயில் அதுவரை இடம் இருந்ததே காரணம்.

ஆகவே அச்செயலுக்கு மட்டும் லிங்க்டு லிஸ்ட் வகையில் (தேவைக்கேற்ப நினைவகம் எடுப்பது) தனி வரிசை ஒன்றை அமையுங்கள். அதற்கு ஓர் அளவையும் வையுங்கள். வரிசை நிரம்பிய பிறகு புதிய செய்திக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு இயல்பான மதிப்பு 2,000 மில்லிவினாடி; இந்தச் செயலுக்கு அதைச் சுழியமாக்கிவிட்டால், மிகும் செய்தி உடனே கைவிடப்படும், கோப்பு காத்திருக்க நேராது. முழுப் பதிவு கோப்பில் இருக்கும்போது ஸ்லாக்கில் சில விடுபடுவதால் பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து. கர்லுக்கு மொத்த நேர வரம்பு இயல்பாகக் கிடையாது என்பதால் அதையும் சில வினாடிகளாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

செய்திகள் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வேக வரம்பாக இருக்கலாம். ஸ்லாக் வெப்ஹுக் ஏறத்தாழ வினாடிக்கு ஒரு செய்தியைத்தான் ஏற்கும். மிஞ்சினால் 429 (கோரிக்கைகள் மிகுதி) என்ற நிலை எண்ணையும், எத்தனை வினாடி பொறுக்க வேண்டும் என்ற குறிப்பையும் திருப்பி அனுப்பும். கர்லோ 429 கிடைத்தாலும் வெற்றி பெற்றதாகவே முடிந்துவிடும். தோல்வியாகக் கொள்ளும்படி தனியாகச் சொன்னால்தான் உங்கள் ஸ்கிரிப்டுக்கு உண்மை தெரியும். இன்னொரு வாய்ப்பும் உண்டு. பதிவுக்குள் இரட்டை மேற்கோள் குறியோ பின்சாய்கோடோ இருந்தால், ஸ்லாக்குக்கு அனுப்பும் ஜேசன் என்ற தரவு வடிவம் உடைந்து 400 (தவறான கோரிக்கை) வரும். டெர்மினலில் நீங்கள் சோதித்த எளிய வாக்கியத்தில் அவை இருந்திருக்காது. செய்தியின் வடிவைத் தீர்மானிக்கும் ஆர்சிஸ்லாக்கின் டெம்ப்ளேட்டிலேயே அதை ஜேசன் முறையில் மாற்றித் தரச் செய்ய முடியும். ஷெல்லில் அதைக் கையால் செய்ய முயல வேண்டாம்.

மறுமொழி 2

மேலே சொன்னவை சரி. ஆனால் பிழை நிலை என்ற வடிகட்டியின் மீதே எனக்கு ஐயம் உண்டு. சிஸ்லாக்கின் 0 முதல் 7 வரையான கடுமை நிலைகளில் எதைத் தருவது என்பதை அந்தந்த நிரலை எழுதியவரே தீர்மானிக்கிறார். இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வரில், யாரோ ஒரு தானியங்கி நிரல் இணைப்பைப் பாதியில் துண்டித்துக்கொண்டாலே, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அதைப் பிழை நிலையில் எழுதும். தவறான கடவுச்சொல்லுடன் உள்நுழைய முயன்றதையோ வெறும் தகவல் நிலையில்தான் எழுதும். உங்கள் வடிகட்டி முதலாவதைச் சேனலில் கொட்டும், இரண்டாவதைக் காட்டவே காட்டாது. எனவே நிலையோடு நிரலின் பெயரையும் சேர்த்து வடிகட்டுங்கள்.

ஸ்லாக்குக்குச் செல்லும் உரையில் உம்மைக்குறி (&), சிறிது குறி (<), பெரிது குறி (>) ஆகிய மூன்றையும் மாற்றீட்டு வடிவில் அனுப்ப வேண்டும். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. கோணக் குறிகளுக்குள் வியப்புக்குறியும் சேனல் என்ற சொல்லும் அமைந்தால், ஸ்லாக் அதைச் சேனலில் உள்ள அனைவரையும் அழைக்கும் கட்டளையாகக் கொள்ளும். அப்படி ஒரு பயனர்பெயரோடு யாராவது உள்நுழைய முயன்று அந்த வரி அப்படியே சென்றால், உங்கள் குழுவினர் அத்தனை பேரின் கைப்பேசியும் ஒலிக்கும்.

வெப்ஹுக் முகவரியே சாவி என்பதால், அது இருக்கும் கோப்பை ஆர்சிஸ்லாக் இயங்கும் பயனர் மட்டும் படிக்கும்படி வையுங்கள். உபுண்டுவில் அந்தப் பயனர் ரூட் அல்லர், சிஸ்லாக் என்பவர். சோதனையையும் அவர் பெயரிலேயே செய்யுங்கள். ஸ்கிரிப்டின் பிழைச் செய்திகளை லாகர் கட்டளையால் சிஸ்லாக்குக்கே திருப்பி எழுத வேண்டாம். அவை மறுபடி ஸ்கிரிப்டுக்கே வந்து முடிவில்லாமல் சுற்றக்கூடும். மாற்றிக்கொள்ளத் தடையில்லையென்றால், ஆர்சிஸ்லாக் போன்ற இன்னொரு நிரலான சிஸ்லாக்-என்ஜியில் ஸ்லாக்குக்கென்றே ஆயத்தமான அனுப்புமுனை உண்டு. வெப்ஹுக் முகவரியையும் வினாடிக்கான வேக வரம்பையும் கொடுத்தால் போதும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தனி வரிசை அமைத்ததும் கோப்பு உடனுக்குடன் எழுதப்படுகிறது. பதில் எண்ணைப் பதிந்து பார்த்தபோது பெரும்பாலும் 429, அங்கங்கே 400. வேகத்தைக் குறைக்க, குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை மட்டும் செயலை இயக்கும் அமைப்பைப் பயன்படுத்தலாமா, அல்லது ஸ்கிரிப்டிலேயே 30 வினாடிக்கு உரியவற்றைத் திரட்டி ஒரே செய்தியாக அனுப்பலாமா? திரட்டினால், செய்தி கிடைத்தது என்று ஓஎம்ப்ராக்குக்கு உறுதி சொல்வது எப்போது?

மறுமொழி 1

திரட்டுவதே நல்லது. அந்த இடைவெளி அமைப்பு எதையும் சேர்த்துவைப்பதில்லை. இடைப்பட்ட செய்திகளை எறிந்துவிடும், எறியப்பட்டதில்தான் முக்கியமான வரி இருந்திருக்கக்கூடும். உறுதி சொல்லும் வசதியை அணைத்தே வையுங்கள். அதை இயக்கினால் ஸ்கிரிப்ட் தொடங்கும்போது ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறையும் ஓகே என்று எழுத வேண்டும்; எழுதும்வரை ஆர்சிஸ்லாக் அடுத்த வரியைத் தராது, ஆகவே அனுப்பி முடித்த பிறகே ஓகே சொல்வது என்றால் எதையும் திரட்டவே முடியாது.

ஷெல்லை விட்டு பைத்தானுக்கு மாறினால் எளிது. அடுத்த வரிக்காக வரம்பின்றிக் காத்திருக்காமல், நேர வரம்புடன் காத்திருங்கள். இல்லையேல் கடைசியாக வந்த வரிகள், அடுத்தது வரும்வரை நினைவகத்திலேயே கிடக்கும். ஒரே வரி பலமுறை வந்திருந்தால் எண்ணிக்கையை மட்டும் குறித்து ஒருமுறை அனுப்புங்கள். உள்ளீடு முடிந்துவிட்டது என்று தெரிந்தவுடன் கையிலிருப்பதை அனுப்பிவிட்டு ஸ்கிரிப்ட் தானே வெளியேற வேண்டும். அப்போதுதான் ஆர்சிஸ்லாக்கை மறுதொடக்கம் செய்யும்போது பழைய ஸ்கிரிப்ட் பின்னணியில் தங்கிவிடாது.