வத்தாத ஊருணி: தண்ணி எங்கிருந்து வருது?

விடுதிக்காரன்:
அழகர்மலை தெரியுற தூரத்துல ஒரு பல்கலைக்கழக வளாகம், பேரு வேண்டாம். அங்க விடுதி உதவி வார்டன் நான். வளாகத்துக்குள்ள பழைய ஊருணி ஒண்ணு இருக்கு. ஐப்பசி மழையில நிறைஞ்சா மறுகால் பாய்ஞ்சு பக்கத்து ஊர்க் கண்மாய்க்குப் போகும், சித்திரையில தரை வெடிச்சுக் கிடக்கும். ரெண்டு வருசமா சித்திரையிலயும் வத்தல. முதல்ல சந்தோசந்தான் பட்டேன். அப்புறந்தான் உறைச்சது: மழையே இல்லாம தண்ணி ஏது?

ஊருணியிலிருந்து அறுபது அடி தூரத்துல எங்க போர்வெல். பசங்களுக்கு அடிக்கடி வயித்தால போகுது. பாக்டீரியா பார்க்குற சின்ன பாட்டில் வாங்கி, போர்த் தண்ணி பிடிச்சு பீரோ மேல வச்சேன். மறுநாள் டிக்காசன் கணக்கா கருத்துப்போச்சு, கருத்தா கழிவுக் கிருமி இருக்கலாம்னு அர்த்தம். ஆபீஸ்ல கேட்டா சுத்திகரிப்பு நிலையத்துக்கு எஸ்டிமேட் போயிருக்காம். அது வர்ற வரைக்கும் என்னதான் பண்றது?

பைப்லைன் பாண்டி:
அண்ணே, முதல்ல எந்தக் குழாய் எங்க போகுதுன்னு பாருங்க. பிளான் பேப்பரை நம்பாதீங்க, நான் பார்த்த அளவுல கட்டடம் ஒரு பக்கம், பேப்பர் ஒரு பக்கம். கேசரி பவுடரை ஒரு வாளித் தண்ணியில கெட்டியாக் கரைச்சு மெஸ் தொட்டியில ஊத்துங்க, பின்னாடியே நாலு வாளி விடுங்க. ஒரு ஆள் ஊருணி வாய்ல நிக்கட்டும். ஒரு நேரத்துக்கு ஒரு இடம்தான், இல்லாட்டி எது எதுன்னு தெரியாது. போர்ல பிளீச்சிங் பவுடர் போட்டா அன்னைக்குக் கிருமி சாகும், வர்ற வழி அடையாதுண்ணே.

பியூரெட்:
முப்பது வருசம் கெமிஸ்ட்ரி லேப்ல உதவியாளரா இருந்தவன் சொல்றேன், லேப் சிங்க்கையும் பாருங்க சார். குரோமிக் அமிலத்துல பியூரெட், அதான் அளவு போட்ட கண்ணாடிக் குழாய், கழுவுற பழக்கம் இன்னும் இருந்தா அதை நிறுத்தச் சொல்லுங்க, சோப்புத் தண்ணியே போதும். அந்தக் குரோமியம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனா அங்க வேலை செய்யுற பாக்டீரியாவையே கொல்லும். சில்வர் நைட்ரேட், டைகுரோமேட் எதுவும் சிங்க்ல போகக் கூடாது. முதல் அலசல் தண்ணியும் கேன்லதான், தனித்தனிக் கேன். எல்லாத்தையும் ஒரே கேன்ல ஊத்தி வச்சீங்கன்னா அது வேற வம்பு.

கலுங்கடியான்:
உங்க மறுகால் வந்து சேர்ற கண்மாய்க்குப் பக்கத்து ஊர்க்காரன். மாடு அந்தத் தண்ணியில வாய் வைக்க மாட்டேங்குது. நாங்க மனு குடுத்தப்போ 'மழைத்தண்ணி'ன்னு எழுதிக் குடுத்தாங்க. 1974-லயே சட்டம் வந்தாச்சு, ஓடையிலயோ கிணத்துலயோ கழிவை விடக்கூடாதுன்னு. சீக்கிரம் பாருங்க சார்.

விடுதிக்காரன்:
ஞாயித்துக்கிழமை பார்த்தாச்சு. மெஸ்ஸைத்தான் சந்தேகப்பட்டேன், அங்க ஊத்துனது ஒழுங்கா செப்டிக் டேங்குக்கே போச்சு. மூணாவது விடுதி கக்கூஸ்ல ஊத்துனதும் பன்னெண்டு நிமிசத்துல ஊருணி வாய்ல செக்கச்செவேல்னு வந்து விழுந்துச்சு. நேரா மழைநீர்க் கால்வாயில மாட்டியிருக்காங்க. மாட்டுன கொத்தனார் இன்னும் இங்கதான் வேலை பார்க்குறாரு. "பழைய லைன் அடைச்சிருச்சு சார், பரீட்சை நேரம், பசங்க கத்துனாங்க, தற்காலிகமாத்தான்"ங்குறாரு. கோபம் வரல. அந்தக் கத்துன கூட்டத்துக்கு முன்னாடி நின்னவன் நான்தான்.

அந்த எல்போவை, அதான் வளைவுக் குழாயை, வெட்டி நாப்பதடி குழாய் போட்டு டேங்குக்குத் திருப்பியாச்சு. லேப்ல கேன் வைக்கச் சொல்லி எழுதியிருக்கேன், பதில் வரல. பாட்டில் இன்னும் கருக்குது, அதனால குடிக்க லாரித் தண்ணிதான். பாண்டி, கேசரி பவுடர் காசு ஆபீஸ்ல பாஸ் ஆகல. கலுங்கடியான், நேத்துப் போய்ப் பார்த்தேன், ஊருணி ரெண்டு படி இறங்கியிருக்கு.