ஈர்ப்பு மாத்தி ஓடுற கேம்: வேகம் கூடினதும் ஏன் வெளியிலை விழுறான்?

ஒடியல்கூழ்:
ஜி-சுவிட்ச், கிராவிட்டி கய் மாதிரி, தட்டினா ஆள் தரையிலை இருந்து கூரைக்கு மாறி ஓடுற கேம். துவக்கத்திலை பிரச்சினை இல்லை. வேகம் கூடினாப் பிறகு, அதே இடத்திலை தட்டினாலும் மேல் தட்டைத் தாண்டி வெளியிலை போறான். சிலநேரம் தட்டினது எடுபடுறதே இல்லை. பழைய போன், 60 ஹெர்ட்ஸ் திரை. பிழை போனிலையோ கையிலையோ?

தட்டிவான்:
"அதே இடத்திலை" எண்டதுதான் பிழை. கூரைக்கு ஏற எடுக்கிற நேரம் ஓட்ட வேகத்தோடை மாறாது, அதுக்குள்ளை முன்னுக்குப் போற தூரம்தான் கூடும். ஏற 0.4 செக்கன் எண்டு வையுங்கோ. செக்கனுக்கு 5 கட்டம் ஓடேக்கை 2 கட்டம் தள்ளி இறங்குவான், 10 கட்டம் ஓடேக்கை 4 கட்டம். அப்ப 2 கட்டம் முந்தித் தட்டோணும். அளவுக்கு மிஞ்சி முந்தினா மேல் தட்டின்ரை முகப்பிலை முட்டி நிப்பான், திரை அவனை விட்டிட்டுப் போயிடும்.

இன்னொண்டு: தரைக்கும் கூரைக்கும் இடையிலை உள்ள இடைவெளி பாதியாகினா ஏறுற நேரம் பாதியாகாது, ஏறக்குறைய 0.7 பங்குதான். ஒடுங்கின பாதையிலை கனபேர் பிந்தித் தட்டுறது உதாலைதான். கண் ஆளிலை இருக்கக்கூடாது, திரையின்ரை வலப்பக்க மூண்டிலொரு பங்கிலை இருக்கோணும்.

பனங்கொட்டை:
எடுபடாததுக்கு: கால் தரையிலையோ கூரையிலையோ பட்டிருந்தால்தான் மாறும். அந்தரத்திலை தட்டினா வீண். பதறி ரெண்டு தரம் தட்டுறதாலை ஒரு பலனும் இல்லை, ரெண்டாவது தட்டு இறங்கின கையோடை பட்டுத் திரும்பக் கீழை விழுத்தும்.

போனைச் சோதிக்க, ஆண்ட்ராய்ட் எண்டா செட்டிங்ஸிலை இருக்கிற பில்ட் நம்பரை 7 தரம் தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, தொடுற இடத்தைக் காட்டுற அமைப்பைப் போடுங்கோ. விரல் வைக்கப் புள்ளி தெரியாட்டி வேர்வை அல்லது ஒட்டின கண்ணாடி. புள்ளி தெரிஞ்சும் ஆள் மாறாட்டி அந்தரத்திலை தட்டியிருக்கிறியள், இல்லாட்டி மற்றப் பெருவிரல் திரையிலை முட்டிக்கொண்டிருக்கு.

சித்திரை வெக்கையிலை சார்ச்சிலை போட்டு விளையாடாதேங்கோ. போன் சுட்டா சிப் தன்ரை வேகத்தைக் குறைக்கும். செக்கனுக்குத் திரையிலை வாற 60 பிரேம் (படம்) 30 ஆகினா ஒரு பிரேம் 16.7 மில்லிசெக்கனிலை இருந்து 33.3 ஆகும். 10 கட்ட வேகத்திலை அது மூண்டிலொரு கட்டம், விளிம்பிலை விழ அது காணும். பற்றரி சேவரையும் நிப்பாட்டுங்கோ.

ஒடியல்கூழ்:
புள்ளி தெரியுது, ஆள் மாறேல்லை. மற்றக் கையும் திரையிலை இல்லை. காதிலை புளூடூத், இறங்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் தட்டுறது.

தட்டிவான்:
பிடிபட்டிட்டுது. புளூடூத்திலை சத்தம் 100, 200 மில்லிசெக்கன் பிந்தி வரும். 10 கட்ட வேகத்திலை 1, 2 கட்டம் போச்சு. அந்தப் பிந்தலைச் சரிக்கட்ட நீங்கள் உங்களை அறியாமல் முந்தித் தட்டுறியள், அப்ப கால் இன்னும் படேல்லை. வயர் ஹெட்செட் போடுங்கோ, இல்லாட்டி சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுக் கண்ணாலை பாத்துத் தட்டுங்கோ.